மேல் உதடு

"தலையைப் பிடி! ஆட விடாதே!"

பல் மருத்துவர் ஹெட்விக்கின் குரலுக்கு உதவியாளர் பிரிட்டாவின் இரண்டு உள்ளங்கைகளும் உடனே கட்டுப்பட்டன. குழந்தையின் தலை அசையாமல் நின்றது. வாய் திறந்திருந்தது. ஆனால் அதற்குள் நாக்கைக் காணவில்லை.

நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் நீலம் பாரித்த ஒரு குமிழ், தவளை வயிறு போல உப்பிக்கொண்டு நின்றது. அது நாக்கை மேலே தூக்கி அண்ணத்தோடு வைத்து நெருக்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள்ளிருந்து சன்னமாக ஒரு விசில் சத்தம். உதட்டோரம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"ஹெலிகாப்டர்?" என்றாள் ஹெட்விக், தலை நிமிராமல்.

"மூடுபனி. பறக்க மாட்டாங்களாம்" என்றாள் பிரிட்டா.

"ஊசியைக் கொடு. பெரிசு. அதை விடப் பெரிசு. இது தண்ணி இல்லை, பசை!"

குழந்தையின் தாய் தூவா சுவரோடு ஒட்டிக்கொண்டு தன் கை முஷ்டியைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்விக் ஊசியைக் குமிழின் பக்கவாட்டில் வைத்தாள். ஒரு நொடி தயங்கினாள். அழுத்தினாள்.

பட்டென்று ஒரு சின்ன எதிர்ப்பு, பிறகு வழிவிட்டது. அவள் பின்னால் இழுக்க இழுக்க, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று, லேசாக மஞ்சள் தட்டிய திரவம் குழாய்க்குள் ஏறியது. தவளை வயிறு சுருங்கியது. நாக்கு தன் இடத்துக்கு இறங்கியது. குழந்தை ஒரு முழு மூச்சை உள்ளே இழுத்து, கட்டடமே அதிரும்படி வீறிட்டது.

"அழட்டும், அழட்டும். இந்தத் தீவுல இவ்வளவு நல்ல பாட்டு கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள் ஹெட்விக். அப்போதுதான் அவள் முதுகு வேர்வையில் நனைந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

வாசற்படியில் யாரோ கனைத்தார்கள். ரூனே. ஹெட்விக்கின் தம்பி. கிரோஷேர் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் மஞ்சள் ஃபெர்ரியை ஓட்டுகிறவன். படகில் குழந்தைக்கு மூச்சுத் திணறியதும், துறையில் கதவு திறந்த கையோடு தூவாவையும் குழந்தையையும் காருக்குள் தள்ளி இங்கே கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். ஆறடிக்கு மேல் உயரம். மழைக்கோட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். மேல் உதடு இடது பக்கம் வழக்கம்போலப் புடைத்திருந்தது.

"பொழச்சுதா அக்கா?"

"பொழச்சுது. ஆனா நீ உள்ள வராதே. முதல்ல போய் அந்த எழவு பொட்டலத்தைத் துப்பிட்டு வா. இது ஆஸ்பத்திரி."

ரூனே மேல் உதட்டைத் தடவிக்கொண்டு சிரித்தான். "சரி தாயே."

அந்தக் கரையோரத்தில் பாதிப் பேருக்கு மேல் உதடு அப்படித்தான் இருக்கும். ஸ்னூஸ். தேநீர்ப் பை மாதிரி ஒரு குட்டிப் பொட்டலம், உள்ளே ஈரப் புகையிலை. அதை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிவிட்டு மீன் பிடிப்பார்கள், பிரசங்கம் கேட்பார்கள், கல்யாணமும் செய்துகொள்வார்கள். புடைத்த உதட்டை அங்கே யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

துப்பப் போன ரூனே திரும்பி வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஃபெர்ரியின் சங்கு ஊதியது. தொடர்ந்து அவன் விசில். படகு கரையை விடும்போதெல்லாம் ஒரு நீண்ட விசில் அடிப்பான். அது ஊருக்கே கடிகாரம்.

"இது என்ன ஹெட்விக்? திரும்ப வருமா?" தூவா குழந்தையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு கேட்டாள்.

"வரும். நான் காத்தைத்தான் பிடுங்கியிருக்கேன், டயரை மாத்தலை. நாக்குக்கு அடியில எச்சில் சுரப்பி ஒண்ணு இருக்கு. அதுல எங்கேயோ ஓட்டை. சுரக்குறது வெளியில வர வழியில்லாம உள்ளேயே தேங்குது. பனி விலகினதும் கோதன்பர்க் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே பார்த்துப்பாங்க. பயப்படாதே, புற்றும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"பார்த்தவுடனே எப்படிச் சொல்றே?"

பிரிட்டா சிரித்தாள். "இதுக்கு இவ ஒரு பாட்டே வெச்சிருக்கா. எனக்கு மனப்பாடம். கீழ் உதட்டுல நீர்க்கட்டி வந்தா பல்லைத் திட்டு, கடிச்சு வெச்சது அதுதான். நாக்குக்கு அடியில வந்தா சுரப்பியைத் திட்டு. மேல் உதட்டுல வந்தா மட்டும்..."

"யாரையும் திட்டாதே" என்று முடித்தாள் ஹெட்விக், கையுறையை உருவிக்கொண்டே. "மேல் உதட்டுல சாதாரண நீர்க்கட்டி வர்றது அபூர்வம். அங்கே வந்தா உடனே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பு. எவ்வளவு சாதுவாத் தெரிஞ்சாலும் சரி."

கடலில் விசில் தூரமாகிக்கொண்டே போனது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியக் காப்பிக்கு ரூனே அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கணவன் எப்போதோ ஸ்டாக்ஹோமில் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டான். இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு தட்டு ஏலக்காய் பன். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வதுதான் அந்தக் குடும்பத்தின் பாசம்.

"டேய், பன்னைத் திங்கும்போதாவது அதை எடுத்து வையேன்."

"எதை?"

"உன் உதட்டுக்குள்ள குடியிருக்குதே, அதை."

ரூனே உள்ளங்கையால் உதட்டை மூடினான். "அதுவும் குடும்பத்துல ஒரு ஆளு அக்கா. ஓரமா உக்காந்துட்டுப் போகட்டும் விடு."

"உன் ஈறு கரைஞ்சு பல்லெல்லாம் உதிரும். அப்போ யார்கிட்ட வருவே? என்கிட்டதான். கட்டுற பல்லு உனக்கு மட்டும் ரெட்டை விலை."

"தம்பிக்குத் தள்ளுபடி கிடையாதா?"

"தம்பிக்கு அபராதம்."

அவன் காற்சட்டையின் பின்பக்கப் பையில், வட்ட டப்பா துணியை அழுத்தி அழுத்தி நிரந்தரமாக ஒரு வெளிறிய வளையம் விழுந்திருந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல்.

அந்த எரிச்சலுக்கு ஒரு வரலாறு உண்டு. போன ஆகஸ்டில் நண்டு விருந்து. ஊரே படகுத்துறையில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு, நீளமேசையில் சிவந்த நண்டுகளை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரூனே எழுந்து கோப்பையை உயர்த்தி, "நான் ஸ்னூஸை விட்டுட்டேன்!" என்று அறிவித்தான். கைதட்டல். குடிப்பாட்டு ஒன்று பாடினார்கள். பாட்டு முடிந்து எல்லோரும் கோப்பையை இறக்கியபோது, ஹெட்விக் நாற்காலி மேல் ஏறி நின்று அவன் உதட்டைச் சுட்டிக்காட்டினாள். புடைத்திருந்தது. பழக்க தோஷத்தில் கை தானாக டப்பாவுக்குப் போயிருக்கிறது.

துறையே குலுங்கிச் சிரித்தது. யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்கள். ரூனேவின் முகம் நண்டு நிறத்துக்கு வந்தது.

"கேட்டுக்கோ ரூனே" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். "அடுத்த தடவை விட்டா முழுசா ஒரு வருஷம் முடிச்சுட்டு வந்து சொல்லு. அதுக்கு முன்னாடி வாயைத் திறக்காதே! சத்தியமா நம்ப மாட்டேன்!"

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுப்பான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

*

அடுத்த ஆகஸ்ட். நண்டு விருந்துக்கு முந்தின நாள். மதியம், கடைசி நோயாளி போன பிறகு, ரூனே பல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். கூப்பிடாமல், திட்டாமல், இழுத்து வராமல். தானாக.

"பிரிட்டா, வெளியில போய் வானத்தைப் பாரு. ஏதாவது விழப்போகுது" என்றாள் ஹெட்விக்.

"சிரிக்காதே அக்கா. உதட்டுல ஒரு சின்ன வேலை இருக்கு. நாளைக்குள்ள முடிச்சு விட்டுடு. நாளைக்கு உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கு வாய் பார்க்க லட்சணமா இருக்கணும்."

"யாருடா அவ?"

"அவ இல்லை. விஷயம்னு சொன்னேன்ல?" அவன் கண்களில் பள்ளிக்கூடப் பையனின் திருட்டுச் சந்தோஷம் மின்னியது. "நாளைக்கு. எல்லார் முன்னாடியும். நீ நாற்காலியிலேருந்து விழணும்."

"பொட்டலத்தை எடு முதல்ல."

"எடுத்தாச்சு."

அவள் விளக்கை இறக்கினாள். கட்டைவிரலால் மேல் உதட்டை மடக்கித் திருப்பினாள்.

ப்ளூபெர்ரி. முதலில் தோன்றியது அதுதான். அளவும் அதே, நிறமும் அதே. உதட்டின் உட்புறம், இடது ஓரத்தில், வழவழவென்று உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஈறு இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. அதையெல்லாம் பார்க்க அவளுக்கு அப்போது கண் இல்லை.

"இது எவ்வளவு நாளா?"

"இருக்கு கொஞ்ச நாளா. பொட்டலம் வெச்ச இடம், காய்ப்பு காய்ச்சிருக்குன்னு விட்டுட்டேன். இப்போ கொஞ்சம் பெருசாயிடுச்சு, அவ்வளவுதான்."

விரல் நுனியால் தொட்டாள். மேலே மெத்தென்று இருந்தது. அடியில் மெத்தென்று இல்லை.

"ஊசி, பிரிட்டா."

குத்தினாள். இழுத்தாள். முட்டையின் வெள்ளைக்கரு. கொழகொழவென்று, லேசாக மஞ்சள் தட்டி. தூவாவின் குழந்தைக்கு வந்த அதே சரக்கு. பிரிட்டா பக்கத்திலிருந்து பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. வெறும் நீர்க்கட்டி!"

ஹெட்விக் மறுபடி விரலை வைத்துப் பார்த்தாள். நீர் முழுக்க வெளியேறியிருந்தது. நீர்க்கட்டி என்றால் இப்போது காற்றுப் போன பலூனாகத் துவண்டிருக்க வேண்டும். துவளவில்லை. விரலுக்கடியில் ஒரு கெட்டியான முடிச்சு, நகர மறுத்து, உதட்டின் சதைக்குள் வேர் விட்டதுபோல நின்றது.

அவள் தாடைக்குக் கீழே, கழுத்துக்கு விரல்களை நகர்த்தினாள். மெல்லத் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"அக்கா?"

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் மேலே விளக்கின் கண்ணாடி வளைவில் அந்த முகம் முழுசாகத் தெரிந்தது. ரூனே அதைப் பார்த்தான். அப்பா கடலில் போன செய்தி வந்த அன்று பார்த்த அதே முகம்.

"ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன். சும்மா. எல்லாருக்கும் செய்யறதுதான்." அவள் குரல் அளவுக்கு மீறிச் சாதாரணமாக இருந்தது. "இந்த ஸ்னூஸ் இருக்கே, இது என்ன வந்தாலும் மூடி மறைச்சுடும். புடைப்புக்கு மேல புடைப்பு. நீ பொட்டலத்தை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சா எனக்கு எப்படிடா தெரியும்? வாரா வாரம் எதிர்லதானே உக்காந்திருக்கே? எனக்கு எப்படித் தெரியும்?"

ரூனே பதில் சொல்ல வாயெடுத்தான். எடுத்தவன், விளக்கின் கண்ணாடியில் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

துண்டு எடுத்தாள். இரண்டு தையல் போட்டாள். மருந்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போது கேட்டாள்: "என்னவோ சொல்லணும்னியே. இப்போவே சொல்லேன்."

"நாளைக்கு."

மறுநாள் விருந்துக்கு வந்தான். ஓரமாக உட்கார்ந்தான். எழுந்து நிற்கவில்லை, கோப்பையை உயர்த்தவில்லை. பின்பக்கப் பையிலிருந்து டப்பாவை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசை மேல் வைத்தான்.

"என்னவோ விஷயம்னே?" என்றாள் ஹெட்விக்.

"மறந்துபோச்சு அக்கா."

*

கோதன்பர்க்கில் அறுவை மருத்துவர் ஊல்லா, ஹெட்விக்கோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"புற்றுதான். சுரப்பியில வந்தது. இந்த ரகம் தானே கோழையைச் சுரக்கும். அதனாலதான் ஊசியில நீர்க்கட்டி மாதிரியே வந்திருக்கு. கழுத்துக்கும் போயிருக்கு. பொல்லாத வகை ஹெட்விக், மறைக்க விரும்பலை."

"ஸ்னூஸ்னாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் காட்டினதில்லை. காலம்தான் விஷயம். பட்டாணி அளவுல இருந்தப்போ வந்திருந்தா நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"பொட்டலத்துக்குப் பின்னால இருந்தது ஊல்லா. வெளியில தெரிய வழியே இல்லை."

"நான் உன்னைக் கேக்கலையே" என்றாள் ஊல்லா மெதுவாக. "அந்தக் கரையில எவன் உதடு புடைச்சிருந்தாலும் எவளுக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வராது."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹெட்விக் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தாள். பொட்டலம் மறைத்தது. என்னால் பார்த்திருக்க முடியாது. பஸ்ஸில், சமையலறையில், கண்ணாடி முன்னால் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மேல் உதட்டில் பாதியை எடுத்தார்கள். கீழ் உதட்டிலிருந்து சதை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். கழுத்தைத் திறந்தார்கள், மூடினார்கள். கதிர் பாய்ச்சினார்கள். கொஞ்ச நாள் ரூனே மறுபடி ஃபெர்ரிக்குப் போனான். படகு கரையை விட்டது, விசில் வரவில்லை. அந்த உதட்டால் காற்றைக் கூட்ட முடியவில்லை. ஊர்க்காரர்கள் ஜன்னலோரம் நின்று காத்திருந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு நுரையீரல்.

கடைசி வாரங்களில் அவள் லீவு போட்டுவிட்டு அவன் கட்டிலோரமே இருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, அந்த வட்ட டப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னுமாடா இதைக் கட்டிக்கிட்டு அழறே? இதனாலதானே..."

"அது இருக்கட்டும்" என்றான். பாதி உதட்டில் வார்த்தைகள் நசுங்கின. "நீ சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதே. இது மட்டும் இல்லேன்னா நான் முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பேன். உன்னை நாற்காலியில கட்டிப்போட்டு வெட்டி எடுத்திருப்பேன். தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"எவ்வளவு சொன்னேன், விடு விடுன்னு! நீ என் பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கே?"

ரூனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். கண்ணோரத்தில் எதுவோ நிறைந்து, வழியாமல் நின்றது.

"கேட்டதே இல்லை" என்றான். "எரும மாடு நான். எல்லாம் அந்தப் பொட்டலம்தான். உன் மேல ஒண்ணும் இல்லை. புரியுதா? ஒண்ணுமே இல்லை."

அவள் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

*

ஜூன் மாதம். காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது.

ஃபெர்ரி நடுக்கடலில் இன்ஜினை அடக்கிக்கொண்டு நின்றது. பயணிகள் யாரும் இல்லை. இந்த ஒரு ஓட்டம் ரூனேவுக்காக. சுக்கானில் ஒரு புதிய ஆள். கப்பல் தளத்தில் ஹெட்விக்கும் யோர்டிஸும் மட்டும். யோர்டிஸ் தடித்த கைகள் கொண்டவள். அந்த ஃபெர்ரியில் கதவு இறக்கி, கயிறு கட்டி, ரூனேவோடு பாதி ஆயுள் வேலை பார்த்தவள்.

ஹெட்விக் கலசத்தைக் கவிழ்த்தாள். சாம்பல் தண்ணீரின் மேல் கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு மனம் மாறியதுபோலச் சட்டென்று இறங்கிவிட்டது.

 ஒரு கடற்பறவை வந்து பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் இல்லை என்று போய்விட்டது.

ஹெட்விக் கோட்டுப் பையில் கைவிட்டாள். வட்ட டப்பா. ஆஸ்பத்திரியில் கடிகாரத்தோடும் கண்ணாடியோடும் சேர்த்துக் கொடுத்தது.

"இதையும் போடப்போறேன்" என்றாள்.  "இதுதான் அவனைக் கொன்னது. கட்டியைவிட இதுதான். என் கண்ணை மறைச்சுது. முட்டாள் பய! சாகற வரைக்கும் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுக் கிடந்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருந்தா..."

கையை ஓங்கினாள்.

யோர்டிஸ் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடு யோர்டிஸ்."

"போடு. ஆனா அவனைத் திட்டிக்கிட்டே போடாதே. அதைக் கேட்டுக்கிட்டு என்னால நிக்க முடியாது."

"உனக்கென்ன தெரியும்?"

யோர்டிஸின் தாடை இறுகியது. அவள் கடலைப் பார்த்தாள், சுக்கான் அறையைப் பார்த்தாள், மறுபடி ஹெட்விக்கைப் பார்த்தாள். தனக்குள் எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அறுந்ததுபோல, கையை விட்டாள்.

"திறந்து பாரு."

"எதுக்கு?"

"திறந்து பாருன்னா பாரேன்."

ஹெட்விக் மூடியைத் திருகினாள். புகையிலை வாசனைக்காக மூக்கைச் சுளித்துக்கொண்டாள். வரவில்லை. வந்தது அதிமதுர வாசனை. டப்பா நிறைய, சின்னச் சின்னதாய், கன்னங்கறேலென்று உப்பு மிட்டாய்கள். பெட்டிக்கடையில் குழந்தைகள் வாங்கித் தின்பவை.

"இது என்ன?"

"அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தின்னது. கை பழக்கத்துல டப்பாவுக்குப் போகுமாம். போனா வெறுங்கையா வரக் கூடாதுல்ல?"

"விட்டுட்டானா?" ஹெட்விக்குக் குழப்பமாக இருந்தது. பிறகு ஒரு சின்ன, பயந்த சிரிப்பு. "ஆபரேஷனுக்கு அப்புறமா? ஆமா, அந்த உதட்டுல எங்கே வைக்கிறது. என்கிட்ட ஏன் சொல்லலை?"

யோர்டிஸ் தளத்தின் ஓரம் சுருட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம்தானே யோர்டிஸ்?"

"போன ஆகஸ்டுல உன் நாற்காலியிலேருந்து நேரா இங்கேதான் வந்தான்" என்றாள் யோர்டிஸ். கண்ணை ஹெட்விக் பக்கம் திருப்பவில்லை. "'விருந்துல அக்காகிட்டச் சொல்லப் போறேன், அவ நாற்காலியிலேருந்து விழப் போறா'ன்னு ஒரு மாசமாக் குதிச்சுக்கிட்டிருந்தவன். வந்து அந்தக் கயிறு மேல உக்காந்தான். 'இனிமே சொல்ல முடியாது. அவ முகத்தைப் பார்த்தேன். பொட்டலம் மறைச்சுதுன்னு சொல்லிக்கிட்டுத்தான் அவ நிமிர்ந்து நிக்கிறா. அதைப் பிடுங்கினா விழுந்துடுவா. நான் போனாலும் சொல்லாதே'ன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினான்."

ஹெட்விக்கின் கண்ணுக்குள் ஏலக்காய் பன் தட்டு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், உள்ளங்கையால் மூடிய உதடு. அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறு. குழந்தை வீறிட்ட நாளில் வாசற்படியில் நின்ற மழைக்கோட்டு, அதற்கு மேலே புடைத்திருந்த உதடு. துப்பிட்டு வா என்று அவள் விரட்டியது. விளக்கு வெளிச்சத்தில், புகையிலையின் சுருக்கமோ வெளுப்போ எதுவும் இல்லாமல், பச்சைக் குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்த ஈறு.

"எப்போ?" என்றாள்.  "எப்போலேருந்து?"

"வேண்டாம் ஹெட்விக்."

"எப்போன்னு கேக்கிறேன்!"

யோர்டிஸ் கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முந்தின வருஷம் நண்டு விருந்துல, நாற்காலி மேல ஏறி நின்னு சிரிச்சியே. அதுக்கு மறுநாள் காலையில, முதல் ஓட்டத்துல, இதோ இதே இடத்துல டப்பாவைக் கடல்ல கொட்டினான். அதுக்கப்புறம் அவன் உதட்டுக்கு அடியில ஒரு பொட்டலம்கூட இருந்ததில்லை."